ஓடவும் தெரியும், பிடிக்கவும் தெரியும்: டீபோ சாமுவேல் எதற்குச் சம்பளம் கேட்பது?

டீபோ சாமுவேல் தன்னை வேறு அணிக்கு அனுப்பிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என்று 2022 ஏப்ரலில் செய்தி வந்தது. அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறவர்களில் பலருக்கு ஒன்றும் புரியவில்லை. சிலர் மட்டும் "அப்பாடா, இப்போதாவது வாயைத் திறந்தாரே" என்றார்கள். நான் இரண்டாவது கட்சி.

அவருக்கு அப்போது 26 வயது. அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் 2019 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், 36ஆவது ஆளாக சான்ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் எடுத்த வைட் ரிசீவர், அதாவது எறிகிற பந்தைப் பிடிப்பவர். முதல் ஆண்டே என்எஃப்எல் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போனார். அணி தோற்றது, ஆனால் மூன்று முறை பந்தை வாங்கி ஓடி 53 யார்டு எடுத்தார்; சூப்பர் பவுலில் எந்த ரிசீவரும் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. 2021 சீசனில் 77 பந்து பிடித்து 1,405 யார்டு, அது போக 59 முறை ஓடி 365 யார்டு, ஓட்டத்தில் மட்டும் 8 டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது). சூப்பர் பவுல் காலத்தில் ஒரு ரிசீவர் ஒரே சீசனில் எட்டு டச் டவுன் ஓடிப் போட்டது அதுவே முதல் தடவை. போதாததற்கு ஒரு டச் டவுனுக்குப் பந்தை எறிந்தும் கொடுத்தார். இவ்வளவும் செய்தவருக்கு 2022க்கென்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்த சம்பளம் சுமார் 40 லட்சம் டாலர். அதே வசந்தத்தில் இன்னொரு ரிசீவரான டைரீக் ஹில்லுக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் கணக்கில் மயாமி ஒப்பந்தம் போட்டது.

பணம் மட்டும் பிரச்சினை என்றால் கட்டுரைக்கு வேலையில்லை. கூடக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சிக்கல் எங்கே என்று தெரிய அந்த 2021 சீசனை நடுவில் பிளந்து பார்க்க வேண்டும். அவர் ஆடிய முதல் எட்டு ஆட்டங்களில் 49 பந்து பிடித்து 882 யார்டு; ஓடியது ஆறே முறை. நவம்பரில், பந்தோடு ஓடுவதே வேலையான ரன்னிங் பேக்குகள் அடுத்தடுத்து காயம்பட்டுக் கிடந்த நேரத்தில், பயிற்சியாளர் கைல் ஷானஹான் சாமுவேலைக் கொண்டுபோய் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் நிறுத்த ஆரம்பித்தார். கடைசி எட்டு ஆட்டங்களில் 53 ஓட்டம், 7 ஓட்ட டச் டவுன். பிடித்தது 28 பந்து, 523 யார்டு.

அணிக்கு அது அமோகம். 3 வெற்றி, 5 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்த அணி சூப்பர் பவுலுக்கு முந்தைய படியான என்எஃப்சி இறுதி வரை போனது. சாமுவேலின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் கதை வேறு. பிடித்து எடுக்கும் யார்டு ஆட்டத்துக்கு 110இலிருந்து 65க்கு இறங்கிவிட்டது. ரிசீவருக்குச் சந்தையில் விலை பேசும்போது முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு சொல். வைட் ரிசீவர் மைதானத்தின் ஓரமாக நிற்பார். வெட்டவெளியில் ஓடி, எறிகிற பந்தைப் பிடிப்பார். பெரும்பாலும் அவரை அடிப்பவர் அவர் எடையே இருக்கும் ஒரு தடுப்பாட்டக்காரர். ரன்னிங் பேக் நடுவில் நிற்பார். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு 130, 140 கிலோ ஆட்கள் முட்டி மோதும் குவியலுக்குள் தலையைக் கொடுப்பார். கூலி மட்டும் தலைகீழ். ஒரு வீரரை ஓராண்டு தன்னிடமே பிடித்து வைக்க அணி தரவேண்டிய ஃபிரான்சைஸ் டேக் தொகை, 2022இல் ரிசீவருக்கு 1.84 கோடி டாலருக்கு மேல். ரன்னிங் பேக்குக்கு 96 லட்சத்துக்குள். ஏறத்தாழ பாதி. ரன்னிங் பேக்குகளிலேயே அதிகம் வாங்கிய கிறிஸ்டியன் மெக்கஃப்ரியின் ஆண்டு 1.6 கோடி, ஒரு நல்ல ரிசீவருக்குத் தொடக்கப் பேச்சு.

அணி மாறக் கேட்டதற்குச் சாமுவேல் வெளிப்படையாகக் காரணம் சொல்லவில்லை. ஓட்டத்துக்கு அவரைப் பயன்படுத்திய விதமும் ஒரு காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. காரணம் எதுவானாலும், எந்த ஆல்ரவுண்டர் ரிசீவரும் ஒரு நாள் வந்து நிற்கிற முச்சந்தி அது. நிஜத்தில் பாதை மூன்றல்ல, நான்கு. ஒவ்வொன்றிலும் அவருக்கு முன்னால் யாரோ நடந்து பார்த்திருக்கிறார்கள்.

முதல் பாதை, எதையும் மாற்றாமல் கேட்டதையெல்லாம் செய்துகொண்டே போவது. இதற்கு முன்னோடி பெர்சி ஹார்வின். 2009இல் மினசோட்டா வைக்கிங்ஸ் முதல் சுற்றில் எடுத்தார்கள்; அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது அவருக்கே. அவருடைய 2011ஐ எடுத்துப் பாருங்கள்: 87 பந்து பிடித்து 967 யார்டு, 52 முறை ஓடி 345 யார்டு, அப்புறம் கிக் ரிட்டர்னில், அதாவது எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடியதில், ஒரு டச் டவுன். பத்து ஆண்டு கழித்து சாமுவேல் ஆடிய சீசனின் ஓட்டக் கணக்கோடு கிட்டத்தட்ட ஒட்டி வரும். அடுத்த ஆண்டு இன்னும் வேகமாகத் தொடங்கி, ஒன்பதாவது ஆட்டத்தில் கணுக்கால் போனது. 2013இல் சியாட்டில், ஒரு முதல் சுற்று வாய்ப்பு உட்பட மூன்று டிராஃப்ட் வாய்ப்புகளைக் கொடுத்து வாங்கி, ஆறு ஆண்டுக்கு 6.7 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அந்த வழக்கமான சீசனில் இடுப்பு அறுவை சிகிச்சையால் ஒரே ஒரு ஆட்டம் ஆடினார். ஆனால் சூப்பர் பவுலில் இரண்டு முறை ஓடி 45 யார்டு, இரண்டாம் பாதியின் முதல் கிக்கைப் பிடித்து 87 யார்டு ஓடி டச் டவுன். டென்வரைக் கவிழ்த்த அந்த 43-8ஐப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டம் மறக்காது. எட்டே மாதத்தில் அவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் பஃபலோ, ஓய்வு, சின்ன மறுவருகை, அவ்வளவுதான். 28 வயதில் முடிந்துவிட்டது.

ஓடியதால்தான் உடைந்தார் என்று சத்தியம் செய்ய முடியாது. கடுமையான ஒற்றைத் தலைவலி அவருக்கு ஆரம்பம் முதலே இருந்தது. மனப்பதற்றத்தோடும் போராடியதைப் பிற்பாடு அவரே சொன்னார். ஆனாலும் ரிசீவர், ஓட்டக்காரர், ரிட்டர்ன் ஆள் என மூன்று பேர் வாங்கும் அடியை ஒருவர் வாங்கினால் கையிருப்பு மூன்று மடங்கு வேகத்தில் கரையும் என்பதை மறுக்கவும் முடியாது. சாமுவேலே கால் எலும்பு முறிவோடு தொடங்கிய 2020இல் ஏழு ஆட்டம்தான் ஆடினார். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில், 40 லட்சத்துக்கு, இன்னொரு 59 ஓட்டம் ஓடுவது? வீரரின் பக்கம் நின்று பார்த்தால் இது பாதையே அல்ல, அணிக்குச் செய்யும் தானம்.

இரண்டாவது, பல வேலையை உதறிவிட்டு ஒரே வேலையில் ஊன்றி நிற்பது. இங்கே ஜூலியன் எடெல்மனைத்தான் காட்டுவார்கள். கென்ட் ஸ்டேட் கல்லூரியில் குவார்ட்டர்பேக். 2009இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஏழாம் சுற்றில், 232ஆவது ஆளாக எடுத்தது. பன்ட் ரிட்டர்ன் செய்தார். 2011இல் ஆள் இல்லாதபோது தடுப்பாட்டத்தில், எதிரணி ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக்காகக்கூட நின்றார். முதல் நான்கு சீசனில் மொத்தமாகப் பிடித்தது 69 பந்து. வெஸ் வெல்கர் டென்வருக்குப் போய் ஸ்லாட் (ஓர ரிசீவருக்கு உள்பக்கம் நிற்கும் ரிசீவர்) இடம் காலியானதும் 2013இல் மட்டும் 105. அதன்பின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் நம்பிக்கையான கை அவர்தான்: மூன்று சூப்பர் பவுல், 2019 பிப்ரவரியில் ராம்ஸுக்கு எதிராக 10 பந்து, 141 யார்டு, ஆட்டநாயகன். பழைய வித்தை தேவைப்பட்டபோது அதையும் எடுத்தார்: 2015 ஜனவரியில் பால்டிமோருக்கு எதிரான பிளே-ஆஃபில் (வழக்கமான சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்று) டேனி அமெண்டோலாவுக்கு அவர் எறிந்த 51 யார்டு டச் டவுன்.

அழகான கதைதான். ஆனால் சாமுவேலுக்குப் பொருந்தாது என்பேன். எடெல்மனின் பலம் துல்லியமான ரூட், அதாவது பந்து பிடிக்க ஓடும் பாதை: குறுகிய இடத்தில் வெட்டித் திரும்பி, பிரேடி எறியும் நொடியில் சரியான இடத்தில் இருப்பது. சாமுவேலின் பலம் பந்து கைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. அவருக்கு ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு அருகிலேயே பந்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவர் கால்களிடம் விட்டுவிடுவதுதான் ஷானஹானின் வழக்கமாக இருந்தது. அந்தக் கால்களைக் கட்டிப்போட்டு, 'இனி ஓரமாக நின்று பிடிக்க மட்டும் செய்வேன்' என்றால் லீகில் அவரைவிட நல்ல ரிசீவர் பதினைந்து பேராவது தேறுவார்கள். தனித்தன்மையை விட்டுக்கொடுத்துவிட்டு முதல் தர விலை கேட்க முடியாது.

மூன்றாவது பாதையில் போனவர் கார்டரெல் பேட்டர்சன். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர்களில் ஒருவர், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

2013இல் மினசோட்டா நான்கு டிராஃப்ட் வாய்ப்புகளைக் கொடுத்து, முதல் சுற்றின் 29ஆவது இடத்துக்கு ஏறி அவரை எடுத்தது. கேள்விப்பட்ட பெயராகத் தெரிகிறதா? ஹார்வினை அனுப்பிய அதே அணி, அதே ஆண்டு. அந்த அக்டோபரில் கிரீன் பேவுக்கு எதிராக கிக்கை எல்லைக் கோட்டுக்குப் பின்னால் ஒன்பது யார்டு உள்ளே பிடித்து, மறு முனை வரை ஓடினார்: 109 யார்டு. மைதானத்தில் அதற்கு மேல் ஓட இடமே இல்லை. ரிட்டர்னுக்காக நான்கு முறை முதல் ஆல்-ப்ரோ அணியில், அதாவது ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியலில், இடம்பெற்றார். 2022 நவம்பரில் ஒன்பதாவது கிக் ரிட்டர்ன் டச் டவுனைப் போட்டு லீகின் சாதனையைத் தனதாக்கினார்.

ரிசீவராகவோ அவர் வளரவே இல்லை. மூன்றாம் ஆண்டான 2015இல் பிடித்தது இரண்டே பந்து, பத்து யார்டு. ரூட் ஓடுவதில் ஒழுங்கில்லை என்று பயிற்சியாளர்கள் ஓரம்கட்டினார்கள். ஓக்லாந்து, நியூ இங்கிலாந்து, சிகாகோ என்று சுற்றினார். பேட்ரியட்ஸில் ஆள் குறைந்தபோது சில வாரம் ரன்னிங் பேக்காக நின்றார், சூப்பர் பவுல் மோதிரமும் கிடைத்தது. 2021இல் அட்லாண்டா 30 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, 30 வயதில், முழு ரன்னிங் பேக்காகவே வைத்தது. 153 முறை ஓடி 618 யார்டு, 52 பந்து பிடித்து 548 யார்டு, மொத்தம் 11 டச் டவுன். எட்டு ஆண்டாக யாருக்கும் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது.

சரி, அதற்குக் கிடைத்தது என்ன? இரண்டு ஆண்டுக்கு 1.05 கோடி டாலர். ஆண்டுக்கு ஐம்பது லட்சம் சொச்சம். ரிட்டர்னில் சாதனை வைத்திருந்தவருக்கு சிகாகோ கொடுத்ததும் ஏறக்குறைய அதே அளவுதான். நீடித்து ஆடினார், மதிப்போடு ஆடினார், அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ரிசீவராக வாய்ப்புத் தேய்ந்து போனவருக்கு இது உயிர் கொடுக்கும் வழி. ஆண்டுக்கு 1,400 யார்டு பிடிக்கத் தெரிந்தவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. தன் பெயருக்கு நேரே 'ரன்னிங் பேக்' என்று எழுதுவதை சாமுவேல் ஒப்புக்கொண்ட நிமிடமே ஒப்பந்த மேஜையில் பாதிப் பணம் போயிருக்கும்.

நான்காவதை அவரே வாய்விட்டுக் கேட்டார்: அணி மாற்றம். 2022இல் அதற்குக் காற்றும் சாதகம். டைரீக் ஹில் கான்சஸ் சிட்டியை விட்டு மயாமிக்குப் போய் முதல் ஆண்டே 1,710 யார்டு எடுத்தார். சாமுவேலின் அதே டிராஃப்டில் அதே இரண்டாம் சுற்றில் வந்த ஏ.ஜே. பிரவுன், டெனசியை விட்டு ஃபிலடெல்ஃபியாவுக்கு நான்கு ஆண்டு, 10 கோடி டாலருக்குப் போய் 1,496 யார்டு. இருவருக்கும் மாற்றம் கைகொடுத்தது. ஆனால் இருவருமே எந்த அணியில் நின்றாலும் அதே ரிசீவர்கள். சாமுவேலுக்கு அப்படிச் சொல்ல முடியுமா? அவரை எங்கே நிறுத்துவது, எந்தக் கோணத்தில் பந்தைக் கொடுப்பது, முன்னால் யாரை மறிக்க அனுப்புவது என்பதெல்லாம் ஷானஹானின் மூளையில் இருந்தது.

2022 ஜனவரி பிளே-ஆஃபில் கிரீன் பேயில் நடந்த ஆட்டம் நினைவிருக்கலாம். பனி கொட்டுகிறது, சான்ஃபிரான்சிஸ்கோவின் தாக்குதல் ஆட்டம் ஒரு டச் டவுனும் போடவில்லை. இரண்டாம் பாதியின் தொடக்க கிக்கைப் பிடித்து 45 யார்டு திருப்பிக் கொண்டுவந்தவர் சாமுவேல். ஸ்கோர் 10-10, ஆட்டம் முடியப் போகிறது, மூன்றாவது முயற்சி, இன்னும் ஏழு யார்டு தேவை. அந்த இடத்தில் எந்தப் பயிற்சியாளரும் பந்தை எறியத்தான் சொல்வார். ஷானஹான் பந்தை சாமுவேலின் கையில் கொடுத்தார். நடுவிலேயே புகுந்து ஒன்பது யார்டு ஓடினார். முழங்காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டு வெளியே போனார். கடைசி நொடியில் ராபி கோல்டு உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய் 13-10. வேறு அணியில், வேறு பயிற்சியாளரிடம், அந்த ஓட்டம் அவருக்கு வந்திருக்காது. அந்த முழங்கால் அடியும் வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

கடைசியில் அவர் எடுத்த முடிவு நான்கிலும் அடங்காது, நான்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. 2022 ஜூலை 31 அன்று அதே அணியோடு மூன்று ஆண்டு நீட்டிப்பு: அடிப்படை 7.155 கோடி டாலர், அதில் 5.81 கோடி உத்தரவாதம். முழுக்க ரிசீவர் விலை. அதற்கு மேல், ஓடினால் தனிக்கூலி. எல்லாம் சேர்ந்தால் 7.35 கோடி. ஓர் ஆண்டில் ஓட்டத்தில் 380 யார்டு தொட்டால் 6.5 லட்சம் டாலர், மூன்று ஓட்ட டச் டவுன் என்றால் 1.5 லட்சம்.

இதைச் சரியான முடிவு என்றே சொல்வேன். பின்னால் நடந்ததைப் பார்த்தால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். 2022இல் 13 ஆட்டம், 632 யார்டு. 2023இல் 892 யார்டு, ஓட்டமும் சேர்த்து 12 டச் டவுன். அந்த டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரே ஆட்டத்தில் மூன்று. 2024இல் 670 யார்டு. ஓட்டமோ 42 முறைக்கு 136 யார்டு: 2021இல் ஓட்டத்துக்கு ஆறு யார்டுக்கு மேல் எடுத்த கால்கள் மூன்றுக்குச் சற்று மேல் எடுத்தன. 1,405 திரும்பி வரவே இல்லை. 2025 மார்ச்சில் ஓர் ஐந்தாம் சுற்று வாய்ப்புக்கு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். 2022இல் பிரவுனுக்கு ஃபிலடெல்ஃபியா கொடுத்தது ஒரு முதல் சுற்றும் ஒரு மூன்றாம் சுற்றும் என்பதோடு வைத்துப் பாருங்கள். உச்சத்தில் இருக்கும்போதே, உத்தரவாதத்தோடு, ரிசீவர் என்ற பெயரில் கையெழுத்து வாங்கியது எவ்வளவு சமயோசிதம் என்று தெரியும். ஓராண்டு பொறுத்திருந்தால் 2022இன் எண்களை வைத்துக்கொண்டு பேச வேண்டியிருந்திருக்கும்.

ஃபார்ட்டிநைனர்ஸ் பக்கமிருந்து பார்த்தால்? ஒப்பந்தம் போட்ட மூன்றே மாதத்தில் நான்கு டிராஃப்ட் வாய்ப்புகள் கொடுத்து மெக்கஃப்ரியை வாங்கினார்கள். சாமுவேலைப் பின்னால் நிறுத்தவேண்டிய அவசரம் அதோடு போய்விட்டது. அப்படியும் வாரத்துக்கு இரண்டு மூன்று ஓட்டம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பந்து இல்லாமல் அவர் ஓரத்திலிருந்து குறுக்கே ஓடினாலே எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர்களான லைன்பேக்கர்கள் இரண்டடி நகர்வார்கள், மெக்கஃப்ரிக்கு அந்த இரண்டடி போதும். அவர்களுக்கும் நஷ்டமில்லை, 2023 சீசனில் மறுபடி சூப்பர் பவுல் வரை போனார்கள்.

ஒப்பந்தத்தில் எனக்கு ஒரே ஒரு குறை, அந்தத் தனிக்கூலி. 380 யார்டு என்று எல்லை வைத்தார்களே, லீகையே மிரள வைத்த 2021இல்கூட அவர் ஓடியது 365தான். அவ்வளவு ஓடியும் எல்லைக்குப் பதினைந்து யார்டு குறைவு! பிறகு எந்த ஆண்டும் 250ஐக்கூடத் தாண்டவில்லை. மூன்று டச் டவுன் 2022இலும் 2023இலும் வந்தது, ஆனால் அதற்கு எழுதியிருந்தது சில்லறை. யார்டு எத்தனை என்பது முன்னால் மறிக்கிறவர்களைப் பொறுத்தது. அடி விழுவது ஒவ்வொரு தடவை பந்தை வாங்கும்போதும். அடுத்து இந்த முச்சந்தியில் வந்து நிற்கப்போகிறவருக்கு ஏஜென்ட் யாராக இருந்தாலும், ரிசீவர் விலையை முதலில் முடித்துக்கொண்டு, ஓட்டத்துக்கான கூலியை யார்டில் எழுதவிடாமல் தடவைக் கணக்கில் எழுதச் சொல்லட்டும்: ஆண்டுக்கு இருபது ஓட்டம் வரை சும்மா, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று. அணி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியானால் அவரை எத்தனை தடவை ஓடவிட உத்தேசம் என்பதாவது கையெழுத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.